குடத்தைத் தெளிய வைக்கும் கூழ்!

ஆடியில் காவிரியில் புதுப்புனல் வந்துவிட்டால் திருவையாற்றிலும் கும்பகோணத்திலும் கொண்டாட்டந்தான்! ஆனால் அந்தத் தண்ணீரைக் குடத்தில் மொண்டு பார்த்தால் ஒரே செம்மண் குழம்பு. குழாய்கள் வராத காலத்தில் தஞ்சைப் பெண்மணிகள் இதைக் கண்டு கலங்கியதில்லை. தேத்தாங்கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் இழைப்பார்கள். இல்லையேல் படிகாரக் கட்டியை நாலு சுற்றுச் சுற்றி எடுப்பார்கள். சற்று நேரத்தில் மண் அடியில் தங்கிவிடும். தெளிந்த நீர் மேலே நிற்கும்.

படிகாரம் இந்த வேலையை எப்படிச் செய்கிறது?

வண்டலின் நுண்துகள்கள் எதிர் மின்சாரம் ஏறியவை. ஒன்றையொன்று விலக்கித் தள்ளுவதால் அவை ஒன்றுசேர்ந்து படிவதில்லை. படிகாரத்திலுள்ள அலுமினியம் நேர் மின்சாரத்துடன் வந்து இந்தப் பகையைத் தீர்த்து வைக்கிறது. பிறகு நீருடன் கூடி, அலுமினியம் ஹைட்ராக்ஸைடு என்ற வழவழப்பான கூழாகிறது. வலை மீனை வாருவதுபோல் இந்தக் கூழ் மண்ணை வாரிக்கொண்டு கீழே இறங்குகிறது.

கூழின் உள்ளமைப்பை அறிவது எளிதன்று. படிகமென்றால் எக்ஸ்ரே கதிர்களால் அணுக்களின் வரிசையைக் கண்டுவிடலாம். கூழில் ஒழுங்கான வரிசை ஏது? உலர்த்தினாலோ, அதன் தன்மையே மாறிவிடும்!

இங்கேதான் காந்தம் கைகொடுக்கிறது. அலுமினியம், ஹைட்ரஜன் போன்றவற்றின் அணுக்கருக்கள் சின்னஞ்சிறு காந்தங்கள். பலமான காந்தத்தின் நடுவே வைத்து ரேடியோ அலைகளைச் செலுத்தினால், தமக்குரிய அலைக்கு மட்டும் அவை பதில் கொடுக்கும். இதை 1946-ல் வெளியிட்ட பிளாக், பர்செல் இருவருக்கும் 1952-ல் நோபல் பரிசு கிடைத்தது. நம் நாடும் பின்தங்கவில்லை. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஜி. சூர்யன், ஓடும் திரவங்களில் இந்தப் பதில் எப்படி மாறுகிறது என்பதை 1951-லேயே ஆராய்ந்து எழுதினார். இன்று ஆஸ்பத்திரிகளில் எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்துக்கும் இதுவே அடிப்படை.

கூழைப் பற்றிக் காந்தம் என்ன சொல்கிறது? ஆறு ஆக்ஸிஜன் சூழ்ந்த அலுமினியம் ஓரிடத்தில் பதில் கொடுக்கிறது. நாலு ஆக்ஸிஜன் சூழ்ந்தது வேறிடத்தில். அலுமினியம் குளோரைடு கரைசலில் காரத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் 13 அலுமினிய அணுக்கள் திரண்ட ஒரு கூட்டம் உண்டாகும். பஞ்சாயத்தில் நாட்டாண்மைபோல் ஒன்று நடுவே. மற்ற 12-ம் சுற்றிலும்! நடுவிலுள்ளதற்கு மட்டும் நாலு ஆக்ஸிஜன். கரைசலில் இதை 1972-ல் ஏகிட் என்பவரும் சகாக்களும் இம்முறையில் ஆராய்ந்தனர். கூழில் சிக்கிய நீரின் பதில் விரைவில் அடங்கிவிடும். தனித்த நீரின் பதில் நீடிக்கும். ஆகவே, கூழ் எவ்வளவு நீரை இறுகப் பிடித்திருக்கிறது என்பதும் தெரிகிறது.

இதனால் நமக்கு என்ன லாபம்? சுத்திகரிப்பு நிலையங்களில் பயன்படும் பாலி அலுமினியம் குளோரைடில் இத்தகைய திரள்கள் எவ்வளவு உள்ளன என்று அளக்க முடிகிறது. அதைக் கொண்டு மருந்தின் பக்குவத்தைச் சீர்படுத்தலாம்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். படிகாரம் மண்ணை இறக்கும். கிருமிகளை முற்றிலும் ஒழிக்காது. வெள்ளக் காலத்தில் வாந்திபேதி வருவது தெளிந்த நீராலும்தான். தெளிந்த தண்ணீரை இறுத்து, நன்றாகக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். கண்ணுக்குத் தெளிவு வேறு; உடம்புக்குச் சுத்தம் வேறு!