உதவித்தொகை எந்த வங்கிக்குப் போனது?

"அப்ரூவல் போட்டு அனுப்பியாச்சு. இனி எங்க கையில ஒண்ணும் இல்ல."

கல்லூரி ஸ்காலர்ஷிப் செக்‌ஷன் ஜன்னலில் இந்தப் பதிலை வாங்கிக்கொண்டு திரும்பும் பிள்ளைகளை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். ஒரே வகுப்பு, ஒரே சாதிச் சான்று, ஒரே நாளில் விண்ணப்பம். பக்கத்து பெஞ்சுக்காரிக்குப் பணம் வந்துவிட்டது, இவளுக்கு வரவில்லை. கல்லூரியில் கேட்டால் வங்கியைக் கை காட்டுகிறார்கள். வங்கியில் கேட்டால், "உங்க கணக்குக்கு எதுவும் வரலையேம்மா, காலேஜ்ல கேளுங்க" என்கிறார்கள். அப்பா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இரண்டு இடத்துக்கும் அலைகிறார். பணம் பல நேரம் அதற்குள் வந்தே இருக்கும், அவர்கள் யாரும் நினைத்துப் பார்க்காத வேறொரு வங்கியில்.

நாம் கொடுத்த பாஸ்புக் ஜெராக்ஸில் உள்ள கணக்குக்குத்தான் பணம் வரும் என்று பெற்றோரும் நம்புகிறார்கள், பல கல்லூரி ஊழியர்களும் நம்புகிறார்கள். 'டிபிடி' எனப்படும் ஆதார் வழி நேரடிப் பட்டுவாடாவில் அப்படி நடப்பதில்லை. மாணவரின் ஆதார் எண் கடைசியாக எந்த வங்கியோடு இணைக்கப்பட்டிருக்கிறதோ, அந்த வங்கிக்குத்தான் பணம் போகும். எந்த ஆதாருக்கு எந்த வங்கி என்ற பட்டியலை என்பிசிஐ என்னும் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் வைத்திருக்கிறது. 'மேப்பர்' என்று வங்கிக்காரர்கள் சொல்வது இந்தப் பட்டியலைத்தான். செல்போன் கடையில் சிம் வாங்கும்போதோ, பேருந்து நிலையத்தில் குடை விரித்து உட்கார்ந்திருப்பவரிடமோ கைரேகை வைத்து ஒரு கணக்கு தொடங்கியிருந்தால், அந்தப் பட்டியலில் வங்கியின் பெயர் மாறியிருக்கலாம். 2017-இல் சமையல் எரிவாயு மானியம் வாடிக்கையாளர்களுக்கே தெரியாமல் ஏர்டெல் பேமெண்ட்ஸ் வங்கிக் கணக்குகளுக்குப் போனதும், அந்த ஆண்டு டிசம்பரில் ஆதார் ஆணையம் அந்நிறுவனத்தின் ஆதார் வழிச் சரிபார்ப்பு உரிமத்தை நிறுத்திவைத்ததும் செய்தியாக வந்தன. அதற்குப் பிறகும் நாம் கைரேகை வைப்பதில் கவனம் கூட்டிக்கொள்ளவில்லை.

ஆகவே விண்ணப்பம் போடுவதற்கு முன்பே செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. 'மைஆதார்' இணையதளத்தில் மாணவரின் ஆதார் எண்ணையும், செல்போனுக்கு வரும் ஓடிபியையும் கொடுத்து உள்ளே போங்கள். அங்கே 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' என்ற கட்டம் இருக்கும். அதைத் தொட்டால் வங்கியின் பெயர், இணைப்பு உயிரோடு இருக்கிறதா இல்லையா, கடைசியாக மாறிய தேதி மூன்றும் தெரியும். கணக்கு எண் தெரியாது. ஒரே வங்கியில் இரண்டு கணக்கு இருந்தால் எது என்பதை அந்த வங்கிதான் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்தைத் தேதியோடு அச்செடுத்து வையுங்கள். பின்னால் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் உதவப்போவது இந்த ஒற்றைத் தாள்தான்.

வங்கியில் போய் "ஆதார் லிங்க் ஆயிருக்கா?" என்று கேட்காதீர்கள். "ஆயிருக்கு" என்று பதில் வரும், அது உண்மையாகவும் இருக்கும். கணக்கு தொடங்கும்போது அடையாளத்துக்காகக் கொடுத்த ஆதார் அவர்கள் கணினியில் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். உங்களுக்கு வேண்டியது வேறு, என்பிசிஐ பட்டியலில் இந்த வங்கி ஏறுவது: "டிபிடி வாங்க ஆதார் சீடிங் செய்யணும், என்பிசிஐ மேப்பிங் படிவம் கொடுங்க" என்று கேளுங்கள். ஏற்கெனவே வேறு வங்கியில் இணைந்திருந்தால், அந்த வங்கியின் பெயரைக் குறிப்பிட்டு 'இந்த வங்கிக்கு மாற்றவும்' என்று கேட்க அந்தப் படிவத்திலேயே இடம் இருக்கிறது. அதை நிரப்பாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டு வருபவர்களே அதிகம். படிவத்தின் நகலில் வங்கி முத்திரையும் தேதியும் வாங்குங்கள். சில நாள் கழித்து மைஆதாரில் மறுபடி பாருங்கள். மறுபடி பாருங்கள் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம், படிவம் மேலாளர் மேசை டிராயரிலேயே தங்கிவிடுவதும் உண்டு என்பதுதான்.

இணைப்பு சரியாக இருந்தும் பணம் திரும்பிப்போகிற கணக்குகள் இருக்கின்றன. முழு ஆவணம் இல்லாமல் தொடங்கிய 'சிறு கணக்கு' என்றால் இருப்பு 50,000 ரூபாயையும், ஓராண்டு வரவு 1 லட்சத்தையும் தாண்டக் கூடாது. பொறியியல் படிப்புக் கட்டணம் அதில் இடிக்கலாம். ஆதார், பான் கொடுத்து அதை முழுக் கணக்காக மாற்றச் சொல்லுங்கள். "ரெண்டு வருஷமா வரவு செலவு இல்ல, கணக்கு செயலிழந்துபோச்சு" என்று வங்கி சொன்னால், உதவித்தொகைக்காகவும் நேரடி மானியத்துக்காகவும் தொடங்கிய கணக்குகளை அப்படி வகைப்படுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2024 ஜனவரியில் சுற்றறிக்கை விட்டதை எடுத்துச் சொல்லுங்கள்.

அடுத்தது ஆதாரிலேயே இருக்கும் கோளாறு. ஓடிபி போவது தாத்தாவின் பழைய எண்ணுக்கு; அந்த சிம் எப்போதோ போய்விட்டது. 15 வயதில் புதுப்பித்திருக்க வேண்டிய கைரேகை, கண் பதிவைப் பலர் செய்வதில்லை. அதனால் முகம் காட்டியோ விரல் வைத்தோ சரிபார்க்கும் இடத்தில் இயந்திரம் மறுக்கிறது. மதிப்பெண் பட்டியலில் தலைப்பெழுத்து முன்னால், ஆதாரில் பின்னால், வங்கியில் அப்பா பெயர் முழுசாக. இவற்றைப் பிளஸ் டூ விடுமுறையிலேயே தீர்த்துவிடலாம். கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் இ-சேவை மையத்தில் வரிசையில் நின்றுகொண்டு "சர்வர் டவுன்" என்று திட்டுவதில் பயனில்லை. வருமானச் சான்றுக்கு ஆயுள் ஓராண்டுதான். அண்ணன் படித்தபோது வாங்கியதை லேமினேட் செய்து கொண்டுவராதீர்கள்.

இனி ஜன்னலுக்கு உள்ளே இருப்பவர்களுக்கு.

உங்கள் கணினியில் மாநில அரசின் யூமிஸ் தளம் இருக்கிறது, தேசிய உதவித்தொகைத் தளம் இருக்கிறது; புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களின் வேலையும் உங்கள் தலையில்தான். ஆள் போதவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கடவுச்சொல்லைத் துண்டுத்தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டி வைப்பதற்கு ஆள் பற்றாக்குறை காரணமல்ல. வேலை அதிகம் என்று பக்கத்து பிரவுசிங் சென்டருக்குக் கல்லூரி லாகினைக் கொடுப்பதற்கும் அல்ல. சிறுபான்மையினர் உதவித்தொகையில் 830 நிறுவனங்கள் போலி அல்லது முறைகேடு எனக் கண்டறியப்பட்டு, 2017-18 முதல் 2021-22 வரை 144 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று 2023 ஆகஸ்டில் சிபிஐ வழக்குப் பதிந்தது. கல்லூரிப் பெயரில் உள்ளே போய் 'சரிபார்த்தேன்' என்று அழுத்துகிற அந்த ஒரு பொத்தான் எவ்வளவு பெரியது என்று அந்த வழக்கு காட்டுகிறது. உங்கள் லாகினில் யார் அழுத்தினாலும் அழுத்தியவர் நீங்கள்தான்.

தேவை புதிய மென்பொருள் இல்லை. எக்ஸெல்லில் ஒரு தாள் போதும்: பெயர், விண்ணப்ப எண், விண்ணப்பம் இப்போது எந்த நிலையில் நிற்கிறது, சீடிங் ஆன வங்கி, பார்த்த தேதி. விண்ணப்பம் அனுப்புவதற்கு முன் ஒருமுறை, பணம் விடுவிக்கும் காலத்தில் ஒருமுறை இதைப் புதுப்பித்தாலே ஜன்னல் கூட்டம் பாதியாகக் குறையும். இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளையும் அதில் சேருங்கள். புதுப்பித்தல் தானாக நடந்துவிடும் என்று அவர்கள் இருந்துவிடுகிறார்கள்.

அந்தத் தாளில் முழு ஆதார் எண் வேண்டாம், கடைசி நான்கு இலக்கம் போதும். 'ஆதார் இணைக்காதவர்கள்' என்று பெயர், சாதி, ஆதார் எண், செல்போன் எண்ணோடு பட்டியல் அடித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிற, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுகிற பழக்கம் இன்னும் நிற்கவில்லை. ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிடுவதை ஆதார் சட்டத்தின் 29-ஆம் பிரிவே தடுக்கிறது. சாதியை ஊருக்கே அறிவிப்பதன் அசிங்கத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இப்படிப் பரவும் விவரங்கள்தான் மோசடிக்காரர்களுக்கு மூலதனம். "கல்வித்துறையிலிருந்து பேசுறோம், உங்க பொண்ணுக்கு ஸ்காலர்ஷிப் வந்திருக்கு" என்று பெயர், படிப்பு, கல்லூரி எல்லாம் சரியாகச் சொல்லி அழைப்பு வரும். வாட்ஸ்அப்பில் கியூஆர் கோடு வரும். ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போட்டால் பணம் ஏறும் என்பார்கள். பணம் வாங்க ரகசிய எண் தேவையே இல்லை. அதைப் போட்டால் உங்கள் பணம்தான் போகும். எந்த அரசு அலுவலகமும் போனில் ஓடிபி கேட்காது. கல்லூரி ஊழியரே போனில் கேட்டாலும் சொல்லாதீர்கள், நேரில் போய் நீங்களே பதியுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் வேறு கணக்குக்கு நகரும். ஓடிபியைச் சொல்லாதீர்கள் என்று இன்னொரு முறையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் படித்தவர்களும் சொல்கிறார்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் பணம் வரவில்லை என்றால், மைஆதார் காட்டும் வங்கிக்கு முதலில் போய் வரவு பாருங்கள். வேறு வங்கிக்குப் போயிருந்தாலும் அது உங்கள் பணமே, எடுத்துக்கொள்ளலாம். அங்கும் இல்லையென்றால் கல்லூரியில் விண்ணப்பத்தின் இப்போதைய நிலையை அச்செடுத்து வாங்குங்கள். பிறகு மாவட்ட ஆட்சியர் அலுவலகம்: எஸ்சி, எஸ்டி மாணவர்கள் மாவட்ட ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நல அலுவலரிடமும், பிசி, எம்பிசி மாணவர்கள் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலரிடமும் மனுக் கொடுக்க வேண்டும். வாய்வார்த்தை வேண்டாம், எழுதிக் கொடுத்து நகலில் ஒப்புகை வாங்குங்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும். முதல்வரின் உதவி எண்ணான 1100-இலும் புகாரைப் பதியலாம்.

அதற்கும் பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அதே நல அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். "ஏன் தரவில்லை?" என்று எழுதினால், கேள்விக்கு விளக்கம் தர இயலாது என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். தேதிகளையும் நகல்களையும் கேளுங்கள்: என் விண்ணப்பம் கல்லூரியிலிருந்து உங்களுக்கு வந்த தேதி என்ன, இயக்குநரகத்துக்கு அனுப்பிய தேதி என்ன, தொகை விடுவிக்கப்பட்ட தேதியும் அனுப்பப்பட்ட வங்கியின் பெயரும் என்ன, திரும்பி வந்திருந்தால் அதற்குக் கணினியில் பதிவான காரணத்தின் நகல். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள், முதல் மனுவின் நகலையும் தபால் ரசீதையும் சேர்த்து.