உங்கள் செருப்பு எண்ணுக்குள் ஒரு பார்லி மணி ஒளிந்திருக்கிறது, தெரியுமா?

ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகு ஏறும் மீனவர்கள் பலர் செருப்பைக் கரையிலேயே கழற்றிவிடுகிறார்கள். நனைந்த பலகையில் செருப்பு வழுக்கும்; ஓடும் வலையில் வார் சிக்கினால் ஆளையே கடலுக்குள் இழுத்துவிடும். படகில் பத்து விரல்கள்தான் பிடிமானம்! கரையேறி ஊருக்குள் வந்தாலோ சீமைக்கருவேல முள்ளும் கொதிக்கும் தார்ச்சாலையும். அங்கே செருப்பில்லாமல் ஓர் அடி வைக்க முடியாது. தரை மாறினால் காலணியும் மாறும். ஒரே ஊரில் இவ்வளவு மாற்றம் என்றால் உலகம் முழுக்க எத்தனை அதிசயம் இருக்கும்!

பாதம் காய்த்துப்போனாலும் உணர்வு மங்காது, தெரியுமா?

வெறுங்காலோடு நடப்பவர்களுக்கு உள்ளங்கால் தோல் தடித்துவிடும். அதனால் உணர்ச்சி குறைந்துவிடும் என்றுதான் நாம் நினைப்போம். கென்யாவிலும் அமெரிக்காவின் பாஸ்டனிலும் மனிதர்களின் பாதங்களைச் சோதித்த ஆய்வு 2019-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. தோல் எவ்வளவு தடித்திருந்தாலும் நடக்கும்போது தரையை உணரும் திறன் குறையவில்லை என்று அது கண்டது! தடித்த ஷூ அடிப்பாகம் செய்ய முடியாததை இயற்கை செய்து வைத்திருக்கிறது. 1960-ல் ரோம் ஒலிம்பிக் மாரத்தானில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலோடு ஓடித் தங்கம் வென்றார். கர்நாடகத்தின் மணிப்பால் மருத்துவர்கள் 2,300 குழந்தைகளின் காலடித் தடங்களை ஆராய்ந்து 1992-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். செருப்பு, ஷூ அணிந்து வளர்ந்தவர்களில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம் பேருக்கு மட்டுமே!

குளிரைப் புல்லால் வென்றார்கள், தெரியுமா?

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஒரு குகைக்குள், எரிமலைச் சாம்பலுக்கு அடியில், 1938-ல் செருப்புகள் கிடைத்தன. மரப்பட்டை நாரில் பின்னிய அவற்றின் வயது 9,000 ஆண்டுகளுக்கும் மேல்! அர்மீனியாவின் அரேனி குகையில் 2008-ல் கிடைத்த ஷூ ஒரே மாட்டுத்தோல் துண்டில் செய்தது. ஆட்டுப் புழுக்கைக்கு அடியில் 5,500 ஆண்டுகள் கெடாமல் இருந்தது. உள்ளே புல் திணித்திருந்தது. ஆல்ப்ஸ் பனியில் உறைந்து கிடந்த ‘ஓட்ஸி’ மனிதனின் ஷூவிலும் புல்தான்! கரடித்தோல் அடிப்பாகம், மான்தோல் மேல்பாகம், நடுவே காய்ந்த புல். வட துருவத்து இனுயிட் மக்களும் சீல் தோல் பூட்ஸுக்குள் புல்லைத்தான் வைத்தார்கள். ஒருவரை ஒருவர் பார்க்காத மக்களுக்குக் குளிர் ஒரே பாடத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கிறது.

குளிருக்குப் புல் என்றால் ஈரத்துக்கு மரம். தண்ணீர் ஊறும் நெதர்லாந்து மண்ணில் விவசாயிகளும் மீனவர்களும் பாப்ளர் மரத்தைக் குடைந்து காலணி செய்தார்கள். முள்ளுக்கு? நம் கிராமத்து டயர் செருப்பு! கிழக்கு ஆப்பிரிக்காவின் மாசாய் மக்கள் காலிலும், போர்க்கால வியட்நாம் வீரர்கள் காலிலும் அதே டயர்தான். இதில் இன்னொரு வியப்பு: ஜப்பானில் பாதத்தை மூடும் ‘தாபி’ காலணிக்கு ரப்பர் அடிப்பாகம் ஒட்டி விற்ற ஷோஜிரோ இஷிபாஷிதான் பின்னாளில், 1931-ல், பிரிட்ஜ்ஸ்டோன் டயர் நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே செருப்பு டயராயிற்று. இங்கே டயர் செருப்பாயிற்று!

செருப்புக்கு 1,008 பாடல் உண்டு, தெரியுமா?

தரையோடு தேயும் பொருளுக்குத் தமிழ் மண் கொடுத்த இடம் மிக உயர்ந்தது. சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையிலேயே வணிகர்கள் காலணியோடு வழி நடக்கிறார்கள். ஜெகதாப்பட்டினத்துக்கு அருகிலுள்ள ஆவுடையார்கோயிலோடு பிரிக்க முடியாதவர் மாணிக்கவாசகர். கண்ணப்பரின் செருப்பணிந்த காலைச் சிவன் பூசையாகவே ஏற்றுக்கொண்டதை அவர் திருவாசகத்தில் பாடினார். ஸ்ரீரங்கம் ரங்கநாதரின் பாதுகைகளை மட்டுமே பாடி வேதாந்த தேசிகர் 1,008 சுலோகங்கள் இயற்றினார். அவை முழுவதும் ஒரே இரவில் பிறந்தவை என்பது வைணவ மரபு!

‘எட்டாம் நம்பர்’ என்றால் என்ன, தெரியுமா?

கடையில் நாம் கேட்கும் 7, 8 எல்லாம் இங்கிலாந்து அளவு. ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, ஏறக்குறைய 8.5 மி.மீ. அது ஒரு பார்லி மணியின் நீளம்! மூன்று பார்லி மணிகளை நீளவாக்கில் அடுக்கினால் ஓர் அங்குலம் என்ற இடைக்காலக் கணக்குதான் இன்றும் நம் காலை அளக்கிறது.

அந்த அளவு நமக்குப் பொருந்துகிறதா? சென்னையில் 1948-ல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தது. 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை, 79 இடங்களில், 1,01,880 பேரின் பாதங்களை முப்பரிமாணக் கருவியால் அளந்தார்கள். விடை என்ன தெரியுமா? இந்தியப் பாதம் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலமானது! நீளத்துக்குச் சரியான ஷூ விரல்களை நெரிக்கிறது என்று இத்தனை காலம் நம் கால்மேல் பழி போட்டோமே, குற்றம் அளவில் இருந்தது. நமக்கென்று 8 அளவுகள் கொண்ட புதிய முறையையும் அவர்கள் முன்மொழிந்தார்கள்.

வேலூர் செருப்பு எத்தனை கால்களைக் காத்தது, தெரியுமா?

1914-ல் பிறந்து, சிறுவயதில் கொல்லிமலையில் வளர்ந்தவர் டாக்டர் பால் பிராண்ட். 1946-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோய் விரல்களை அழுகவைத்துத் தின்றுவிடுகிறது என்று உலகமே நம்பிய காலம் அது. உண்மை வேறு என்று அவர் கண்டார். நோய் வலியைப் பறிக்கிறது. வலி தெரியாததால் முள்ளும் ஆணியும் கல்லும் காலைச் சிதைக்கின்றன! அப்படியானால் மருந்தோடு நல்ல செருப்பும் வேண்டும். மென்மையான நுண்துளை ரப்பரில் அவரும் அவரது குழுவினரும் உருவாக்கிய எம்.சி.ஆர். செருப்பு இன்று தொழுநோயாளிகளுக்கு மட்டுமின்றி, உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்கும் கவசம்.

கடலில் இடது ஒரு பக்கம், வலது ஒரு பக்கம் போகும், தெரியுமா?

1990 மே மாதம் ‘ஹன்சா கேரியர்’ கப்பலிலிருந்து கண்டெய்னர்கள் பசிபிக்கில் விழுந்தன. அவற்றில் 60,000-க்கும் மேற்பட்ட நைக்கி ஷூக்கள்! அவை அமெரிக்கா, கனடா கரைகளில் ஒதுங்கிய இடங்களைக் குறித்துவைத்துக் கடல் நீரோட்டங்களை ஆராய்ந்தார் கடலியலாளர் கர்ட்டிஸ் எப்ஸ்மையர். இடது, வலது ஷூக்களின் வளைவு மாறுபடுவதால் காற்று இரண்டையும் வெவ்வேறு திசையில் தள்ளுகிறது. வேறொரு கடலில் மிதந்த ஷூக்களிலும் இது தெரிந்தது: நெதர்லாந்தின் டெக்சல் தீவில் இடது கால் ஷூக்களே அதிகம் ஒதுங்கின. ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்தில் வலது!

கென்யாவின் லாமு தீவில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கரையில் பொறுக்கிய பிளாஸ்டிக்கால் 9 மீட்டர் பாய்மரப் படகு கட்டி, மேலே சுமார் 30,000 பழைய ரப்பர் செருப்புகளின் துண்டுகளைப் பதித்தார்கள். ‘ஃப்ளிப்ஃப்ளோப்பி’ என்ற அந்தப் படகு 2019-ல் லாமுவிலிருந்து ஜான்சிபார் வரை பயணம் போய்ச் சேர்ந்தது!

செருப்பைத் தடுத்தால் சிறை, தெரியுமா?

வியப்போடு நிறுத்தக் கூடாத செய்தி இது. ஆதிக்க சாதித் தெருக்களில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கும்படி தலித் மக்களைக் கட்டாயப்படுத்திய கொடுமை இந்த மண்ணில் நடந்தது. பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் பொது இடத்தில் காலணி அணிவதைத் தடுப்பது, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தத்தில் பெயர் சொல்லியே குற்றமாக்கப்பட்டிருக்கிறது. தண்டனை 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. யார் தடுத்தாலும் புகார் கொடுங்கள்.

படகில் வெறுங்கால் பலம்தான். ஆனால் அசுத்தமான ஈர மண்ணில் கொக்கிப்புழு உள்ளங்கால் வழியாகவே உடம்புக்குள் ஏறும். சர்க்கரை நோய் இருப்பவர்கள் ஓர் அடிகூட வெறுங்காலோடு வைக்காதீர்கள். புண் இருக்கிறதா என்று இரவில் பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். பிள்ளைகளுக்குச் செருப்பு வாங்கும்போது நீளத்தோடு அகலத்தையும் பாருங்கள். வார் அறுந்த செருப்பைக் கடலில் மட்டும் வீசிவிடாதீர்கள். அது கரைவதில்லை, வேறொரு கரையில்தான் ஒதுங்கும்.