பி1 ஸ்பானிஷும் அலங்காநல்லூர்க் காளையும்

மெக்சிகோவின் நோபல் கவிஞர் ஒக்தாவியோ பாஸ், 1962 முதல் 1968 வரை டெல்லியில் தூதராக இருந்தவர். 1969-ல் வெளியான அவருடைய ‘லாதெரா எஸ்தே’ தொகுப்பில் ‘மதுரை’ என்றே ஒரு ஸ்பானிஷ் கவிதை இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் போய்விட்ட பிரிட்டிஷ் கிளப். உள்ளூர்ப் பெரிய மனிதர் ஒருவர் ஆரஞ்சு பானத்தைக் குடித்தபடி ஊர்ப் பெருமை பேசுகிறார். மீனாட்சி கோயிலையும் டி.வி.எஸ். கராஜையும் ஒரே மூச்சில் புகழ்கிறார். கராஜின் எழுத்துகளை மட்டும் பாஸ் இடம் மாற்றிப் போட்டிருக்கிறார். இந்தக் குசும்பு மதுரைக்காரர்களுக்குத்தான் முழுசாகப் பிடிபடும்.

ஆனால், இங்கே ஸ்பானிஷ் படிக்கிறவர்கள் கையில் இருக்கும் புத்தகம் மாத்ரித் மெட்ரோவில் டிக்கெட் எடுக்கத்தான் சொல்லித்தருகிறது, அதுவும் ஆங்கிலம் வழியாக! நம் கல்லூரிகளில் அயல்மொழி என்றால் நெடுங்காலமாக பிரெஞ்சுதான். ஸ்பானிஷ் பெரும்பாலும் சான்றிதழ் வகுப்பாகவோ இணைய வகுப்பாகவோதான் கிடைக்கிறது.

ஆங்கிலம் வழியே போவது தேவையில்லாத சுற்று. ‘மே குஸ்தா எல் கஃபே’ என்ற வாக்கியத்தை ஆங்கிலத்தில் விளக்க அரைப் பக்கம் வேண்டும். நமக்கோ அது ‘எனக்குக் காபி பிடிக்கும்’, அவ்வளவுதான். ‘மே துவேலே லா கபேசா’, ‘எனக்குத் தலை வலிக்குது’. ‘வந்தேன்’ என்றாலே வந்தது நான் என்று தெரிவதுபோல அங்கும் வினையின் விகுதியே ஆளைக் காட்டிவிடும். நீ, நீங்கள் வேறுபாடும் உண்டு. மேசையைப் பெண்பாலாகப் பார்ப்பதுதான் கொஞ்சம் படுத்தும். போர்ச்சுகீசியர் வழியாக நம்மிடம் வந்த அதே மேசைதான். சொல் பழசு, பால் புதுசு.

இதெல்லாம் தொடக்கநிலை. மொழித் தேர்ச்சியை அளக்கும் ஏ1 முதல் சி2 வரையிலான ஆறு படிகளில் பி1, பி2 என்ற நடுப்படிகளுக்கு வந்ததும் கேள்வி மாறுகிறது. செர்வாந்தஸ் நிறுவனத்தின் ஸ்பானிஷ் தேர்வான டெலேயிலும் இதே படிகள்தான். காபி பிடிக்குமா என்று இங்கே யாரும் கேட்பதில்லை. ஒரு விஷயத்தில் உன் கருத்து என்ன, ஏன் என்று கேட்கிறார்கள்.

மதுரைப் பிள்ளைகளுக்கு இதற்கு விஷயப் பஞ்சமே இல்லை. காளைச் சண்டையைக் கட்டலோனியா நாடாளுமன்றம் 2010-ல் தடை செய்தது. ஸ்பெயினின் அரசியல் சாசன நீதிமன்றம் 2016-ல் அந்தத் தடையை ரத்து செய்தது. இங்கே ஜல்லிக்கட்டுக்கு 2014-ல் உச்ச நீதிமன்றத் தடை, 2017-ல் மதுரைத் தமுக்கம் மைதானத்தை நிறைத்த போராட்டம், அதைத் தொடர்ந்து சட்டத் திருத்தம், அது செல்லும் என்று 2023-ல் தீர்ப்பு. அங்கே மாத்தாதோர் வாளோடு இறங்கிக் காளையைக் கொல்கிறார். அலங்காநல்லூரில் வீரர் வெறுங்கையோடு திமிலைப் பிடிக்கிறார். காளை வீட்டுக்குப் போகிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கலாமா? 2027 முதல் காளைச் சண்டை கூடாது என்று சட்டம் போட்டிருக்கும் கொலம்பியாவிலிருந்து ஒரு மாணவி இணைய வகுப்பில் இதைக் கேட்டால், பாலமேட்டுப் பையன் சும்மா இருப்பானா?

அங்கேதான் இலக்கணம் குறுக்கே வரும். ‘இது கொடுமை என்று நினைக்கிறேன்’ என்பதற்குச் சாதாரண வினை போதும். ‘கொடுமை என்று நான் நினைக்கவில்லை’ என்று மறுத்தால், ‘நோ கிரெயோ கே’ என்று தொடங்கி, அடுத்து வரும் வினையின் வடிவத்தையே மாற்ற வேண்டும். மாணவர்கள் மாதக்கணக்கில் தடுமாறும் இடம் இது. பையனுக்குச் சொல்ல விஷயம் இருக்கிறது. அந்த வினைவடிவம் மட்டும் நாக்குக்குப் பழக வேண்டும்.