பெட்ரோல் ஹோஸ் மாத்தப் போறீங்களா? மொதல்ல அதுமேல இருக்கற எழுத்தப் படிங்க

கமென்ட் பக்கத்த தொறந்தாலே ஒரே கேள்விதான் வந்து நிக்குது. "அண்ணே, பழைய ஹோண்டா சிட்டி விடெக் வச்சிருக்கேன். இ20 போட்டா பெட்ரோல் ஹோஸ் கரைஞ்சிடுமாமே, நெஜமா?" எஸ்டீம்காரர் கேக்கறதும் இதுதான், லான்சர்காரர் கேக்கறதும் இதுதான். வாட்ஸ்அப்ல சுத்தற வீடியோ ஒண்ண ஒருத்தர் அனுப்பியிருக்கார். அதுல ஹோஸ விரலால மடக்கினதும் அப்படியே உதிருது. கீழ "எத்தனால் பண்ண வேலை"ன்னு செவப்பு எழுத்து வேற.

பதில மொதல்லயே சொல்லிடறேன். கரையாது. ஆனா மாத்தணும். இ20, அதாவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், வராமலே போயிருந்தாலும் மாத்தணும்.

எம்.பி.எஃப்.ஐ.ன்னா என்ன, ரெகுலேட்டர் எங்க இருக்கு, ரிட்டர்ன் லைன் எதுக்குன்னெல்லாம் நான் ஆரம்பிக்கப் போறதில்ல. விடெக் வச்சிருக்கறவங்களுக்கு அது தெரியாம இருக்காது.

அந்த சிட்டி 2003ஓட முடிஞ்சு போச்சு. கணக்குப் போட்டா, கம்பெனியில போட்ட ஹோஸுக்கு இப்ப ஓட்டுப் போடற வயசு எப்பவோ தாண்டியாச்சு. என்ஜின் சூட்டுலயே கெடந்து கெடந்து ரப்பர் வெறைச்சுடும். ரப்பர மெதுவா வச்சிருக்கறதுக்குன்னு உள்ள சேர்த்திருக்கற பொருள, வெறும் பெட்ரோலே வருஷக்கணக்குல உறிஞ்சு எடுத்துடும். எத்தனால் சேர்ந்தா பழைய நைட்ரைல் ரப்பர் இன்னும் கொஞ்சம் ஊதும், இந்த வேலை இன்னும் வேகமா நடக்கும். அவ்வளவுதான். 2023 ஏப்ரல்லேருந்து வர்ற வண்டியில இ20 தாங்கற ரப்பர், பிளாஸ்டிக் இருக்கணும்ங்கறது திட்டம். நம்ம வண்டி அதுக்கு இருபது வருஷம் மூத்தது. கெழவர் மாடிப்படியில விழுந்தா படியக் கொறை சொல்றதா?

சரி, ஹோஸ் வாங்கப் போறோம். இங்கதான் என் புலம்பல். சென்னை ஜி.பி. ரோட்டுல கடைக்குப் போய் "பெட்ரோல் ஹோஸ் குடுங்க"ன்னு கேட்டா ஒரு கறுப்புக் குழாய அளந்து வெட்டிக் குடுப்பாங்க. எதுக்கு, எந்த வண்டி, எவ்வளவு பிரஷர், ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நீங்க கேளுங்க. கேக்கறதவிட, ஹோஸ கையில வாங்கித் திருப்பி எழுத்தப் படிங்க. எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்6, இல்லன்னா ஆர்7ன்னு போட்டிருந்தா அது கார்புரேட்டர் வண்டிக்கு. சின்ன அளவுல 50 பி.எஸ்.ஐ. வரைக்கும்தான் கணக்கு, அதாவது மூணரை பாருக்குக் கொஞ்சம் கீழ. நம்ம லைன்ல ஓடறதே சுமார் 3 பார். புதுசுல தாங்கும், சூட்டுல ரெண்டு வெயில் காலம் போனா? உங்களுக்கு வேணுங்கறது ஆர்9. அது 100 பி.எஸ்.ஐ., உள்பக்கம் ஃப்ளோரோ ரப்பர், எத்தனாலுக்கு அசையாது. எழுத்தே இல்லாத ஹோஸ், என்ன வெலைக்குக் குடுத்தாலும், பூச்செடிக்குத் தண்ணி ஊத்த வச்சுக்கோங்க.

பளபளன்னு ஸ்டீல் வலை போட்ட ஹோஸ் வேணும்னு சில தம்பிங்க கேக்கறாங்க. பானட்டத் தொறந்தா ரேஸ் கார் மாதிரி இருக்கணுமாம். உள்ள டெஃப்லான் குழாய் இருந்தா நல்ல சரக்குதான், மறுக்கல. உள்ள சாதா ரப்பர் இருந்தா, அது வெடிக்கறது வெளிய தெரியாம வலை மறைச்சுடும். அந்த வலை பக்கத்துல இருக்கற வயரையும் அரம் போட்ட மாதிரி தேய்ச்சுக்கிட்டே இருக்கும். அதுவும் இல்லாம, வலைக்குள்ள என்ன எழுத்துன்னு எப்படிப் படிப்பீங்க?

ரேஸ்னு சொன்னதும் ஞாபகம் வருது. விடெக்குக்கு 106 குதிரைத்திறன்னு அந்தக் காலத்துல கேக்கறப்ப நமக்கெல்லாம் மயக்கமே வரும். இருங்காட்டுக்கோட்டை டிராக்குல நின்னு பாத்தவங்களுக்குத் தெரியும், கேம் மாறற எடத்துல அந்த என்ஜின் கொரல் மாறும் பாருங்க, அதுக்காகவே இன்னும் பத்து லேப் நிப்போம். அப்படிப்பட்ட என்ஜின்ல கொண்டுபோய் எல்.பி.ஜி. கிட் மாட்டி டிக்கியில சிலிண்டர வச்சவங்களும் நம்ம ஊர்லதான் இருந்தாங்க. அவங்க பாவம், பெட்ரோல் வெல அப்படி. ஆனா அதுல ஒரு விஷயம் இருக்கு. வருஷக்கணக்கா கேஸ்லயே ஓடின வண்டியில பெட்ரோல் லைன் காஞ்சு கெடந்திருக்கும். பெட்ரோல்ல ஊறின ரப்பர் காஞ்சா சுருங்கும், சுருங்கினா விரிசல் விடும். அந்த மாதிரி வண்டிய வாங்கி, கிட்டக் கழட்டிட்டு, டேங்க் நெறைய பெட்ரோல் போட்டு, மறுநாள் ஒழுகுதுன்னு எத்தனாலத் திட்டறாங்க.

வண்டித் தரைக்கு அடியில ஓடற இரும்புக் குழாயயும் பாத்துடுங்க. பிளாஸ்டிக் கிளிப் பிடிச்சிருக்கற எடத்துலதான் சேறு தங்கும், துரு ஆரம்பிக்கும். கிளிப்பத் தூக்கிப் பாக்காம "குழாய் நல்லா இருக்கு"ன்னு சொல்ற மெக்கானிக்க நம்பாதீங்க. 2015 டிசம்பர் வெள்ளத்துல மூழ்கின வண்டின்னா கேக்கவே வேணாம். ஈ.சி.ஆர். பக்கம், கடலோரத்துல வீடுன்னாலும் அதே கதை. அரிச்சுப் போன எடத்த வெட்டிட்டு ஏ.சி. மெக்கானிக் வச்சிருக்கற செம்புக் குழாயப் போடற பழக்கம் ஒண்ணு இருக்கு. வேணாம். அதிர்வுல செம்பு இறுகிக்கிட்டே போய் ஒருநாள் கீறல் விடும். இரும்புக் குழாயே போடுங்க, இல்லன்னா பிரேக் லைனுக்கு வர்ற செம்பு நிக்கல் குழாய் போடுங்க.

நேரம் ஓடிப்போச்சு, பத்து நிமிஷத்துக்கு மேல போனா நீங்க பாக்க மாட்டீங்க. வேலைக்கு வர்றேன், வேகமாக் கேட்டுக்கோங்க.

என்ஜின் ஆறியிருக்கணும். வெட்டவெளியில வச்சுப் பண்ணுங்க. குழியில எறங்கிப் பண்ணாதீங்க, பெட்ரோல் ஆவி காத்தவிட கனம், குழிக்குள்ளதான் போய்ச் சேரும். குண்டு பல்பு வேணாம், எல்.இ.டி. டார்ச். பவுடர் எக்ஸ்டிங்விஷர் கைக்கெட்டற தூரத்துல. பீடிக்காரர் யாரா இருந்தாலும் தெரு முனைக்கு.

பெட்ரோல் மூடியத் தொறங்க. பம்ப் ஃபியூஸப் பிடுங்கிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க, தானா நின்னுடும். இன்னொரு தடவ செல்ஃப் அடிச்சுட்டு பேட்டரி நெகட்டிவக் கழட்டுங்க. அப்புறமும் கொஞ்சம் பிரஷர் இருக்கும். ஃபில்டர் மேல இருக்கற பேஞ்சோ போல்ட்டத் துணியச் சுத்தி மெதுவா லூஸ் பண்ணுங்க. அந்த போல்ட்டோட வாஷர் புதுசாத்தான் போடணும், பழச மறுபடி போட்டா கசியும். ஃபில்டரையும் அப்பவே மாத்திடுங்க.

கிளாம்ப். தண்ணி ஹோஸுக்குப் போடற, பட்டையில ஓட்ட ஓட்டையா இருக்கற கிளாம்ப் வேணாம். முறுக்க முறுக்க ஓட்டை வழியா ரப்பர் பிதுங்கி வெட்டுப்படும். ஃப்யூயல் இன்ஜெக்ஷன் கிளாம்ப்னு கேளுங்க, உள்பக்கம் வழவழன்னு, ஓரம் மடிச்சிருக்கும். குழாய் முனையில ஒரு மேடு இருக்கும் பாருங்க, ஹோஸ் அதத் தாண்டி உள்ள போகணும், கிளாம்ப் மேட்டுக்கு அந்தப் பக்கம் உக்காரணும், மேட்டு மேல இல்ல.

டேங்குக்குள்ள பம்போட சேர்ந்த சின்ன ஹோஸ் துண்ட எல்லாரும் மறந்துடறாங்க. அதுக்கு ஆர்9 கூட ஆகாது. ஆர்9ஓட வெளிப்பக்கம் பெட்ரோல்ல மூழ்கிக் கெடக்கறதுக்குச் செஞ்சதில்ல. உள்ளுக்கு ஆர்10. வெல ஜாஸ்திதான், ஒரு சாண் போதும். அது உள்ளயே கசிஞ்சா வாடையும் வராது, சொட்டும் விழாது. காலையில செல்ஃப் ரொம்ப நேரம் இழுக்கும், ஆர்.பி.எம். ஏறி அழுத்தற நேரத்துல பெட்ரோல் பத்தாம என்ஜின் தட்டும். நீங்க பிளக்க மாத்துவீங்க, காயில மாத்துவீங்க. இதப் பத்தியே தனி வீடியோ போடணும், இப்ப நேரமில்ல.

மாட்டி முடிச்சதும் உடனே ஸ்டார்ட் பண்ணாதீங்க. பேட்டரிய மாட்டி, ஃபியூஸப் போட்டு, சாவிய ஆன் பண்ணுங்க. பம்ப் ரெண்டு செகண்ட் ஓடி நிக்கும். ஆஃப் பண்ணி மறுபடி ஆன். நாலஞ்சு தடவ. ஒவ்வொரு மூட்டையும் வெள்ளப் பேப்பரால ஒத்திப் பாருங்க. ஈரம் இல்லன்னாதான் ஸ்டார்ட். சூடானதும் ஒரு தடவ, மறுநாள் காலையில ஒரு தடவ பாருங்க.

பெட்ரோல் போடற வாய்லேருந்து டேங்குக்கு வர்ற பெரிய ஹோஸும், பக்கத்துல காத்து வெளிய வர்ற சின்ன ஹோஸும் பாதி டேங்க்ல ஒழுகவே ஒழுகாது. அதனால ஒரு தடவ ஃபுல் டேங்க் போட்டுட்டு, பங்க்லேருந்து கொஞ்சம் தள்ளி ஓரமா நிறுத்தி, பின் சக்கரத்துக்கு மேல குனிஞ்சு பாருங்க.