புட்டிக்குப் பத்து ரூபாய்

சோடாக் கடையில் காலிப் புட்டியைக் கொடுத்து முன்பணத்தை மீட்டுக்கொண்ட நினைவு நேயர்களிற் பலருக்கும் இருக்கும். அப்பழைய முறையே நீலகிரியில் யானைகளுக்குக் காவலாக வந்திருக்கிறது. மது அருந்துவோர் காட்டில் வீசியெறியும் புட்டிகள் உடைந்து, அவற்றின் சில்லுகள் யானையின் பாதத்திற் பாய்கின்றன. உள்ளங்காலில் ஏறிய புண் சீழ்ப்பிடித்தால் அத்துணைப் பெரிய உடலைத் தாங்கி அது எவ்வாறு நடக்கும்? சென்னை உயர்நீதிமன்றம் தலையிட்டதன் பயனாக, 2022 மே மாதம் முதல் அம்மாவட்டத்து டாஸ்மாக் கடைகளில் புட்டி ஒன்றுக்கு 10 ரூபாய் கூடுதலாகப் பெறலாயினர். காலிப் புட்டி திரும்பினால் அத்தொகையும் திரும்பும். குடித்தவனே கொணரவேண்டும் என்பதில்லை. வழியிற் கிடந்ததைப் பொறுக்கி வருபவருக்கும் அது உரியது. (குடிக்கு நாம் பரிந்து பேசவில்லை!) பின்னர் இத்திட்டம் பிற மாவட்டங்களுக்கும் பரவியது. விடுமுறையில் ஊர் செல்லும் அன்பர்கள், சாக்குப் பையில் காலிப் புட்டிகளோடு கடைவாயிலில் நிற்பவரைக் கண்டால், அவர் எதற்காக நிற்கிறார் என்பதை இனி அறிவீர்கள்.