சீ, லுக், வாட்ச் (ஆங்கில வினைச்சொற்கள்)

சீ, லுக், வாட்ச் ஆகியவை தமிழில் பெரும்பாலும் 'பார்' என்ற ஒரே வினையால் குறிக்கப்படும் ஆங்கில வினைச்சொற்கள் ஆகும். பொருளில் நெருங்கியவை எனினும், இவற்றை எல்லா இடத்திலும் ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்றைப் பயன்படுத்த முடியாது.

தருமபுரி மாவட்டம் கம்பைநல்லூரில் ஒருவர் பேருந்துக்காகக் காத்திருப்பதாகக் கொள்வோம்.

சீ: தற்செயலாகக் கண்ணில் படுதல். தெருவில் நண்பர் வருவது அவருக்குத் தெரிகிறது.

லுக்: வேண்டுமென்றே பார்வையைத் திருப்புதல். வந்த பேருந்தின் முகப்பிலுள்ள ஊர்ப்பெயரைப் பார்க்கிறார். பார்க்கப்படும் பொருளைச் சொல்லும்போது 'லுக்' என்பதன்பின் 'அட்' சேரும்.

வாட்ச்: நகர்வதை அல்லது மாறுவதைத் தொடர்ந்து கவனித்தல். பேருந்து திரும்பி நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறார்.

'பார்த்தேன், ஆனால் தெரியவில்லை' என்னும் தமிழ்த் தொடரிலும் இவ்வேறுபாடு உண்டு. அதில் 'பார்த்தேன்' என்பது லுக். 'தெரி' என்பது சீ.

சொல் மாறினால் பொருளும் மாறும். 'மருத்துவரைப் பார்த்தேன்' என்பதற்குச் 'சீ' என்பதன் இறந்தகால வடிவமான 'சா' வரவேண்டும். அது மருத்துவரிடம் சென்று வந்ததைக் குறிக்கும். அங்கே 'வாட்ச்ட்' என்றால், மருத்துவரைக் கண்காணித்ததாகப் பொருள்படும். தொலைக்காட்சிக்கு 'வாட்ச்' பொருந்தும். திரைப்படத்துக்குச் 'சீ', 'வாட்ச்' இரண்டும் வழக்கில் உள்ளன.