கொல்லையில் ஒரு மிளகாய்ச் செடி

காஞ்சிபுரத்துக்கு அருகே பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் இடத்தில் இருக்கிறது திருமுக்கூடல். அங்குள்ள பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. கி.பி. 1068-ஐ ஒட்டி அங்கே 15 படுக்கைகள் கொண்ட ஓர் ஆஸ்பத்திரி நடந்ததை அது சொல்கிறது. வைத்தியர் உண்டு, ரண சிகிச்சை செய்பவர் உண்டு, மருந்துகளுக்கு ஒரு ஜாபிதாவே உண்டு. ஆனால் அந்த ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் மிளகாய் மட்டும் இருந்திருக்க முடியாது!

ஏன் தெரியுமா? மிளகாயின் பிறந்தகம் அமெரிக்கா. 1498-க்குப் பிறகு போர்ச்சுகீசியர் கப்பலில்தான் அது இந்தியாவுக்கு வந்தது. அதுவரை நமக்குக் காரம் தந்தவை மிளகு, இஞ்சி போன்றவைதான். மிளகைப் போல் உறைக்கும் காய் என்பதால் மிளகாய் என்று பெயர் சூட்டினார்கள். வந்த விருந்தாளி வீட்டுக்காரராகிவிட்டார். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது!

இந்த விருந்தாளியை வீட்டில் வளர்ப்பது கடினமல்ல. ஆடியிலோ தையிலோ விதையுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் முளைக்கும். 40 நாள் நாற்றைப் பிடுங்கி, ஓர் அடி ஆழமுள்ள தொட்டியில் நடலாம். மண், மணல், மக்கிய எரு மூன்றும் சம பங்கு. தொட்டியின் அடியில் துவாரம் அவசியம். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் விடுங்கள். பாசத்தோடு வேளைக்கு ஒரு செம்பு ஊற்றினால் வேர் அழுகிவிடும். நட்ட இரண்டரை மாதத்தில் பச்சை மிளகாய் பறிக்கலாம். கத்திரி வெயிலில் பூ உதிர்ந்தால் கலங்க வேண்டாம். வெயில் தணிந்ததும் மறுபடி பூக்கும்.

எல்லாரையும் கலங்கடிப்பது இலைச் சுருட்டைதான். இலை சுருண்டதும் சிலர் செடியைப் பிடுங்கி எறிகிறார்கள். சிலர் கடையில் கொடுத்த விஷத்தைத் தெளித்து, மறுநாளே அந்தக் காயைக் கிள்ளிச் சாம்பாரில் போடுகிறார்கள். இது நியாயமா? நாடி பார்க்காமல் மருந்து கொடுக்கும் வைத்தியர் உண்டா?

செடியின் நாடி இலையில் இருக்கிறது. இலை ஓடம் போல மேல்நோக்கி மடங்கினால் இலைப்பேன். கவிழ்த்த ஓடம் போலக் கீழ்நோக்கி மடங்கி, காம்பு நீண்டால் கண்ணுக்குத் தெரியாத சிலந்திப் பூச்சி. இரண்டுக்கும் இலையின் அடிப்புறத்தைத் தண்ணீரால் நன்றாகப் பீச்சிக் கழுவுங்கள். பிறகு ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து, வாரம் ஒரு முறை மாலையில் தெளியுங்கள். புதுத் தளிர் நேராக வந்தால் செடி பிழைத்தது.

இலை சிறுத்து, கொசுவம் வைத்தது போல் சுருங்கி, செடியும் குட்டையாக நின்றுவிட்டால் அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் நோய். அதற்கு மருந்து கிடையாது. பக்கத்துச் செடிகளைக் காப்பாற்ற, அந்தச் செடியை மட்டும் பிடுங்கத்தான் வேண்டும்.

ஆகவே, அடுத்த முறை இலை சுருண்டால் உடனே கடைக்கு ஓடாதீர்கள். முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள். உங்கள் வீட்டுச் சட்னிக்கு விஷமில்லாத காரம் கிடைக்க அதுவே வழி.